சீஐடி படம் பார்த்த மழைக்காலம்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் டிவியில் ஒரு படம் போட்டாள். "அப்பா, நீங்களும் வாங்க. வீட்டு ஆளுங்க எல்லாம் ஒண்ணா ஒக்காந்து பாக்குற படம். ரத்தம் கித்தம் இல்ல, ஒரே சிரிப்பு" என்று கூப்பிட்டாள். உளவாளிப் படம். குடும்பத்துக்குத் தெரியாமல் உளவு வேலை செய்கிற ஒரு தகப்பன். அவனுடைய ஒட்டு மீசை குழம்புக்குள் விழுகிறது. அதை மாமியார் கரண்டியால் தூக்கிப் பார்த்து, கரப்பான் பூச்சி என்று கத்துகிறாள். என் பேத்தி தரையில் உருண்டு சிரித்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த என் அக்காவும் சிரித்தாள். அவளுக்கு அறுபது வயதாகிறது. சிரித்தால் இருமல் வரும். இருமிக்கொண்டே சிரித்தாள். நான் பீலியில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

நம் வயதுக்காரர்களே, உங்களிடம் சொன்னால் விளங்கும். லயத்து வரிசை வீடுகள் ஒன்றிலும் டிவி இல்லாத காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சண்டைப் படம் பார்ப்பேன், அழுகைப் படமும் பார்ப்பேன். சிரிப்புப் படம் மட்டும் எனக்கு ஆகாது. ஏன் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

புளத்கொகுபிட்டிய கடைவீதியிலிருந்து மேலே ஏறினால் வரும் றப்பர்த் தோட்டம் எங்களுடையது. எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அந்த வருசம் வைகாசியில் பிடித்த மழை ஆடி முடிந்தும் விடவில்லை. றப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் சிரட்டைக்குள் விழாமல் பட்டையெல்லாம் வழிந்து போகும். விடிய எழும்பி, மரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பி வருவார்கள். வேலை இல்லாத நாளுக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. லயம் முழுக்க ஈரத் துணி வாடை. நனைந்த விறகு புகைந்து புகைந்து எல்லார் கண்ணும் சிவந்திருக்கும்.

அந்த மழையில்தான் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வீடியோ டெக் வந்தது. கணக்கப்பிள்ளை என்றால் எங்கள் டிவிசனில் வேலை பிரித்துக் கொடுப்பவர், பால் நிறுப்பவர். நாங்கள் 'ஐயா' என்போம். அவர் வீட்டில் கார் பெட்டரியில் ஓடுகிற டிவி ஏற்கனவே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அவர் மச்சான் டெக்கையும் ஒரே ஒரு கசெட்டையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு கசெட் கிடையாது. ஞாயிறு மத்தியானம் ஐயா நல்ல மனதோடு இருந்தால் லயத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுவார். அவர் வீட்டு ஆட்கள் உள்ளே கதிரையில் இருப்பார்கள். நாங்கள் வாசல் திண்ணையான ஸ்தோப்பில், சீமெந்துத் தரையில் இருந்து கதவு வழியாகப் பார்ப்போம். வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு மாச்சாக்குக் கட்டுவார்கள். அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பழைய கோதுமை மாவின் மணம்தான்.

அது ஒரு வெள்ளைக்காரப் படம். ஒரு சொல் எங்களுக்குப் புரியாது. கசெட்டின் முன் பகுதி பூஞ்சணம் பிடித்துக் கோடு கோடாக ஓடும். அதனால் கதையின் தொடக்கத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. நீளக் கோட்டுப் போட்ட ஒல்லி மனிதன் ஒருவன் வருவான். வெங்காயத்தைப் பிளந்து, அதற்குள் இருக்கிற டெலிபோனில் பேசுவான். பேசும்போதெல்லாம் கண்ணில் தண்ணீர் ஊற்றும். ஒரு குண்டு மனிதன் பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பான். ஒரு வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுக்குத் துணிக் கூடைக்குள் ஒளிந்திருந்து குண்டனைக் காட்டிக் கொடுப்பார்கள். கடைசியில் தொப்பி போட்ட பெரிய அதிகாரி வந்து, அந்தப் பிள்ளைகளின் கன்னத்தில் தட்டி இனிப்புக் கொடுப்பார். எல்லாரும் கை தட்டுவார்கள்.

ஐயாதான் எங்களுக்குக் கதை சொல்வார்.

"இவன் யாரு? சீஐடி. தொரமாரு அனுப்பின ஆளு. அந்தக் குண்டன் இருக்கானே, ஸ்டோர ஒடச்ச கள்ளன்."

"பொட்டிக்குள்ள என்னாங்கய்யா?" என்று ஒருத்தன் கேட்டான்.

"களவு சாமான்டா. பின்ன என்னா, ஒங்கப்பனோட வெத்தல பொட்டியா?"

எல்லாரும் சிரித்தோம். கேட்டவனும் சிரித்தான்.

அந்த மழைக்காலத்தில் ஒன்பது பத்துத் தடவை அதைப் பார்த்திருப்போம். பிறகு லயத்தில் சீஐடி விளையாட்டுத்தான். பால் வாளியின் அடியில் மிஞ்சியதை விரலால் தொட்டு மேலுதட்டில் பூசி, காய்ந்ததும் கரி தடவினால் மீசை. உரிக்கும்போது பூனை மயிரெல்லாம் சேர்ந்து வரும். கண்ணீர் வரும். வெங்காயம் வாங்க வசதியில்லாத சீஐடிமார் நாங்கள்.

பக்கத்துக் காம்பராவில், லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில், அத்தை இருந்தாள். அப்பாவின் சொந்த அக்கா, புருசன் இல்லாதவள். ஒரே மகன், எனக்கு அத்தான். ஸ்டோரில் றப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வேலை. கிட்டப் போனால் கருவாட்டு வாடையும் தார் வாடையும் கலந்து வரும். அவருக்கும் என் அக்காவுக்கும் தை மாதம் கல்யாணம் என்று பேசி முடிந்திருந்தது. அவரைக் கண்டால் அக்கா எனக்குப் பின்னால் ஒளிவாள். அவள் உயரத்தில் பாதி இருந்தேன் நான்.

அம்மா மலைக்கு வேலைக்குப் போய்விட்டால் எனக்குப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொடுப்பது அத்தைதான். விளிம்பில் பச்சைக் கோடு போட்ட எனாமல் கோப்பை, காது உடைந்தது. இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்க வேண்டும். அத்தை ஒருநாளும் படம் பார்க்க வந்ததில்லை. அக்காதான் கதையை நடித்துக் காட்டினாள்.

"பொட்டிக்குள்ள என்னா இருந்திச்சாம்?" என்று அத்தையும் கேட்டாள்.

"களவு சாமான் அத்தை."

"தொறந்து பாத்தாங்களா?"

"படத்துல தொறக்கல."

"தொறக்காமயே கள்ளன்னுட்டாங்களா? நல்ல சீஐடிடி."

மழையில் விறகு பிடிக்காது. அத்தை ஒரு துண்டு ஒட்டுப்பாலை அடியில் வைத்துப் பற்ற வைப்பாள். மரத்து வெட்டிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருக்கிற பால்தான் ஒட்டுப்பால். அதை உரித்து ஸ்டோருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். ஒரு பிடியை மடியில் சொருகிக்கொண்டு வந்து அடுப்புப் பற்ற வைப்பது லயத்து வழக்கம். எங்கள் வீட்டிலும் உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கறுப்புப் புகை, மயிர் கருகின வாடை. நம் காலைப் பொழுதுக்கே அந்த வாடைதான். அதை யாரும் களவு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் அத்தை என்னைப் பரணில் ஏறி விறகு எடுக்கச் சொன்னாள். விறகுக்குப் பின்னால் ஒரு சாக்கு இருந்தது. அதில் முக்கால் வாசி ஒட்டுப்பால்.

"அது ஒனக்கில்ல, எறங்கு" என்றாள் சிரித்துக்கொண்டே.

விறகோடு இறங்கினேன். குண்டனின் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு படம் முடிந்ததும் ஐயா ஸ்தோப்புக்கு வந்தார். "சரி, நம்ம தோட்டத்து சீஐடி யாருடா?" என்றார்.

"நானுங்க! நானுங்க!" என்று எல்லாரும் கத்தினார்கள். நான் தூணில் ஒட்டிக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்தில் பேர் கேட்டாலே எனக்கு வாய் வராது. லயத்தில் என்னை 'ஊமக் கோட்டான்' என்பார்கள்.

"கத்துறவன் எல்லாம் சீஐடி ஆக முடியாது" என்று ஐயா என்னைக் கையால் காட்டினார். "இந்தா நிக்கிறானே, இவன்தான் சீஐடி. யாரு கண்ணுலயும் படமாட்டான். பேசாதவன்தான் எல்லாத்தையும் பாப்பான்."

அதுவரை என்னை யாரும் எதற்கும் கெட்டிக்காரன் என்று சொன்னதில்லை. மூன்று நாள் அந்தச் சொல் காதில் கிடந்தது.

அக்கா ஐயா வீட்டில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தாள். புதன்கிழமை அவளுக்குச் சோறு கொண்டுபோனேன். அவள் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஐயா ஸ்தோப்பில் தனியாக இருந்தார்.

"என்னாடா சீஐடி, ஏதாச்சும் நியூஸ் இருக்கா?" விளையாட்டாகத்தான் கேட்டார்.

நான் சொன்னேன். பரண், விறகு, சாக்கு, முக்கால். தடங்கல் இல்லாமல் நான் பேசிய முதல் பேச்சு அது.

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்த தகர டப்பாவைத் திறந்து இரண்டு டொபி கொண்டுவந்தார். பளபளக்கிற நீலத் தாள் சுற்றியது. படத்தில் வருகிற மாதிரியே என் கன்னத்தில் தட்டினார்.

ஒன்றை வழியில் தின்றேன். மற்றதைப் பின்னேரம் அக்காவுக்குக் கொடுத்தேன்.

"ஏதுடா?" என்றாள்.

"கெடந்திச்சு."

வாயில் போட்டுக்கொண்டு, தாளை நகத்தால் நீவி, நெற்றியில் பொட்டு மாதிரி ஒட்டிக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை ஐயாவும் வாட்சரும் நேராக அத்தை காம்பராவுக்குப் போனார்கள். மற்ற வீடுகளில் காலே வைக்கவில்லை. வாட்சர் சிங்கள மனிதர், இரக்கமுள்ளவர். "பவ் நே, பவ் நே" என்று பாவப்பட்டுக்கொண்டே சாக்கை இறக்கினார். ஆட்கள் பேர் கொடுக்க நிற்கிற பிரட்டுக்களத்தில், எல்லார் முன்னாலும் மழைக்குள் அதைக் கொட்டினார்கள்.

"அடுப்புக்குங்க ஐயா" என்றாள் அத்தை.

"முக்கா சாக்கு அடுப்புக்கா? ஒன் வீட்ல என்னா ரயிலா ஓடுது?"

சிலர் சிரித்தார்கள். ஐயா பேசினால் சிரித்துப் பழகியவர்கள் நாங்கள்.

இப்போதுதான் ஒன்று விளங்குகிறது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு, பால் நிறுக்கிற இடத்தில் அத்தை சத்தமாக, "தராசுல ஒங்க வெரலுக்கு என்னாங்க வேல?" என்று கேட்டிருந்தாள். அன்றைக்கும் ஆட்கள் சிரித்தார்கள். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அன்றிலிருந்து காத்திருந்திருக்கிறார். நான் போய்ச் சொன்னேன்.

அத்தைக்கும் அத்தானுக்கும் வேலை நின்றது. வேலை இல்லையென்றால் காம்பராவும் இல்லை, அது உங்களுக்குத் தெரியும். ஒரு கிழமைக்குள் வெளியேறச் சொன்னார்கள். லயத்துத் தலைவர் போய்க் கேட்டதற்கு ஐயா, "என்னைய ஏன் கேக்குறீங்க? ஒங்க லயத்துலருந்துதான் நியூஸ் வந்திச்சு" என்றார்.

அந்த ஒரு பேச்சோடு லயம் அத்தையை விட்டுவிட்டது. அவளுக்காகப் பேச வேண்டிய வாயெல்லாம் சொன்னது யார் என்று பேசியது. ஆளுக்கு ஆள் தங்கள் அடுப்படியில் இருந்த ஒட்டுப்பாலை எடுத்து ஆற்றில் எறிந்துவிட்டு வந்து பேசினார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டது. சாமான் கட்டுகிற வேலையை விட்டுவிட்டு அத்தை வந்து என் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாரியம்மன் கோயிலில் சத்தியம் வாங்கினார்கள். வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. கல்லின் மேல் சூடம் கொளுத்துவார்கள். "நான் சொல்லல" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் கண் போய்விடும். ஐயா வீட்டுக்குப் போய் வருகிறவர்களை மட்டும் வரிசையில் நிறுத்தினார்கள். அங்கே தண்ணீர் தூக்குகிற கிழவர் அணைத்தார். மாடு பார்க்கிறவர் அணைத்தார். மூன்றாவது அக்கா. சோறு கொண்டுபோனவன் என்று என்னையும் அவளுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள்.

புதுச் சூடம் வைத்தார்கள். அக்கா கையைத் தூக்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையை இறக்கிவிட்டாள்.

"அணைடி" என்றாள் அம்மா.

அக்கா அசையவில்லை.

"அணைச்சுத் தொலையேன்டி! நீ சொல்லலதானே?"

"நான் அணைக்க மாட்டேன்."

சூடம் தானாக எரிந்து முடிந்தது. கல்லில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. அதற்குமேல் வரிசை தேவைப்படவில்லை. அணைக்காதவள்தான் சொன்னவள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அம்மா அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கோயில் வாசலில் நின்ற அத்தான் படி இறங்கிப் போனார். நான்காவதாக நின்ற என்னை யாரும் கூப்பிடவில்லை. ஐயா சொன்னது சரிதான். நான் யார் கண்ணிலும் படவில்லை.

வியாழக்கிழமை அத்தையும் அத்தானும் மூட்டைகளோடு கிளம்பினார்கள். பலாங்கொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்றார்கள். அக்கா கதவுக்குப் பின்னால் நின்றாள். அத்தை எங்கள் வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல் பேசினாள்.

"ஒனக்குத்தான்டி சேத்தேன். அத வித்து ஒனக்குக் கல்யாணச் சேல எடுக்க இருந்தேன். கடையில பாத்தும் வச்சிருந்தேன். செவப்பு."

அத்தை என்னைக் கூப்பிட்டு, காது உடைந்த கோப்பையைக் கையில் கொடுத்தாள். "நீயாவது மனுசனா இரு" என்றாள்.

அந்தக் கோப்பையில் நான் ஒருநாளும் குடிக்கவில்லை. கொஞ்ச நாள் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்கள். பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஐயா மறுபடியும் படம் போட்டார். போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் போனேன். ஒல்லி மனிதன் வெங்காயத்தில் பேசினான். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு இடத்திலும் மற்றவர்களுக்கு முன்னாலேயே சிரித்தேன். ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தை இரண்டாவது வருசம் செத்துப்போனாள். நெஞ்சுச் சளி என்றார்கள். எங்களுக்குச் செய்தி வந்தபோது புதைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அத்தான் அந்தப் பக்கமே கட்டிக்கொண்டார். அக்காவை யாரும் பெண் கேட்டு வரவில்லை. கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். முப்பது வருசம் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அப்பா சாகும்வரை அவளோடு பேசவில்லை. நான் அந்த வருசத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வாய் திறக்க வேண்டிய இடம் எதுவும் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. பால் வெட்டப் போனேன். மரம் ஒன்றும் கேட்பதில்லை.

என் கல்யாணத்துக்குப் பெண்ணுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தது அக்காதான். சிவப்புச் சேலை.

அவள் ஏன் அன்றைக்கு அணைக்கவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை. அவள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஐயாவையும் அவளையும் தவிர உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். கேட்டால் நான் சொன்னதையும் சொல்ல வேண்டி வரும். அதனால் கேட்கவில்லை.

பீலியடியிலிருந்து நான் திரும்பி வந்தபோது படம் நின்றிருந்தது. மகள் தேத்தண்ணி ஊற்றுவதற்காக நிறுத்திவிட்டு, பேத்தியோடு குசினிக்குப் போயிருந்தாள். திரையில் ஒரு சின்னப் பையன் யாரோ கொடுத்த இனிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த வாயோடு அப்படியே நின்றான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலத் தாளு" என்றாள்.

நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"ஐயா வீட்டு அலமாரி மேத்தட்டுல இருக்கும் அந்த டப்பா. நாந்தான் தெனம் தூசி தட்டுவேன். அவுங்க வீட்டுப் புள்ளைங்களுக்கே ஞாயித்துக்கெழமைக்கு ஒண்ணுதான் குடுப்பாரு. நீ கெடந்திச்சுன்னு சொன்ன." இருமினாள். "அப்ப ஒண்ணும் தோணல. தின்னுட்டேன். சாக்க எறக்கின அன்னைக்குத்தான் யோசிச்சேன்."

"அக்கா."

"ம்."

"ஏன் அணைக்கல?"

"நான் அணைச்சிருந்தா அடுத்தது நீதானே நின்ன." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "பொய் சொல்லி அணைச்சீன்னா ஆத்தா கண்ண எடுத்துரும். அணைக்காட்டி அப்பா கொன்னுருவாரு. பத்து வயசுடா ஒனக்கு."

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்டா. அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்."

குசினியில் கரண்டிச் சத்தம் கேட்டது. அக்கா போர்வையைக் காலுக்கு இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அத்தைகிட்டயாவது போயி சொல்லியிருக்கலாம் நீ. ரெண்டு வருசம் இருந்திச்சே அந்த மனுசி. நான்தான் காட்டிக் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டேதானே போச்சு."

போய் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

மகள் தேத்தண்ணியோடு வந்தாள். "என்னா அத்தை, ரெண்டு பேரும் படத்தப் பத்தியா பேசுறீங்க?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"ஆமா புள்ள. போடு, மிச்சத்தையும் பாப்போம்."

படம் ஓடியது. அந்த மீசை மறுபடியும் எதற்குள்ளோ விழுந்தது. பேத்தி சிரித்தாள், மகள் சிரித்தாள், அக்கா இருமிக்கொண்டே சிரித்தாள்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்ப்பா, ஒங்களுக்குச் சிரிப்பே வரலையா?"

"வரல" என்றேன்.